எச்டி பதிவு டிவிடி ஆகும்போது படம் மங்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணம், அரங்கேற்றம் போன்ற குடும்ப நிகழ்ச்சிகளை எச்டி கேமராவில் பதிவு செய்தாலும், கடைசியில் கைக்கு வரும் டிவிடியில் படம் மங்கலாகவும் ஓரங்கள் இரட்டித்தும் தெரிகின்றன என்று வருந்தி எழுதப்பட்ட வாசகர் கடிதம் ஒன்றைத் தங்கள் நாளிதழில் படித்தேன். டிவிடி பழைய காலத்துப் பொருள், அதில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று ஸ்டூடியோவில் கைவிரித்துவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் முற்றிலும் நியாயமானது. அவருக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் சரியல்ல. கும்பகோணம் வட்டாரத்தில் நிகழ்ச்சிப் பதிவுகளைத் தொகுத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், படம் எங்கே கெடுகிறது, அதை எப்படிக் கெடாமல் காக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி கேட்கிறேன். பிழை வட்டில் இல்லை, எச்டி பதிவை அந்த வட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் வேலையில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

தவிர்க்கவே முடியாத இழப்பு ஒன்று உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில், அதாவது ஒரு தனிப் படத்தில், 1920×1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் (படப் புள்ளிகள்) இருக்கின்றன. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 720×576, அதாவது 4,14,720 பிக்சல்கள் மட்டுமே உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மிகச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே ஐந்தில் நான்கு பங்கு போயே தீரும். எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற இயலாது. ஆனால் கடைகளில் விற்கப்பட்ட பால் முறைத் திரைப்பட டிவிடிகளும் இதே 720×576 அளவில், இதே எம்பெக்-2 என்ற படச் சுருக்க முறையில் தயாரிக்கப்பட்டவைதாம். 1996-இல் ஜப்பானில் முதல் டிவிடி பிளேயர்கள் விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்டிருந்த அதே இலக்கணத்துக்குள் நின்றுகொண்டுதான், நன்றாகத் தயாரிக்கப்பட்ட திரைப்பட வட்டுகள் இன்றைய பெரிய தொலைக்காட்சிகளிலும் கண்ணுக்கு இதமாக ஓடுகின்றன. முகத்தின் மென்மை, துணியின் நெசவு, இருட்டில் எரியும் விளக்கு ஆகிய எல்லாம் அவற்றில் தெரிகின்றன. அப்படியானால் அதைவிடப் பல மடங்கு நுணுக்கத்தோடு பதிவான ஓர் அரங்கேற்றம் ஏன் மங்க வேண்டும்? சொல்லப்போனால் எச்டியில் பதிவு செய்து, முறையாகக் குறைத்துத் தயாரித்த டிவிடி, மினி டிவி (Mini DV) என்ற பழைய நாடா கேமராவில் நேரடியாக அதே அளவில் பதிவு செய்த டிவிடியைவிடத் தெளிவாகவே இருக்க வேண்டும். ஐந்து பிக்சல்களின் செய்தியை ஒன்றில் அடக்குவதால் இருட்டுக் காட்சிகளில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சலும் குறைந்துவிடும். அப்படி இல்லை என்றால், எங்கோ ஒரு படியில் வேலை தவறியிருக்கிறது என்று பொருள்.

முதல் தவறு பெரும்பாலும் மாற்றும் வேலை எத்தனை முறை நடக்கிறது என்பதில் இருக்கிறது. கேமராவில் பதிவாகும் ஏவிசிஎச்டி (எச்டி கேமராக்களின் ஒரு பதிவு முறை) கோப்பு ஏற்கெனவே நன்கு இறுக்கிச் சுருக்கப்பட்டது. அதை டிவிடி அளவுள்ள ப்ராஜெக்டில் இறக்கி எடிட் செய்வோர் உண்டு. முழுத் தொகுப்பையும் பழைய மினி டிவி வகையான டிவி ஏவிஐ (DV AVI) கோப்பாக எடுத்து, அதிலிருந்து எம்பெக்-2 ஆக்குவோர் உண்டு. குறைந்த பிட்ரேட்டில் (ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவில்) எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்து, அந்த எம்பி4-ஐ இலவச டிவிடி மென்பொருள் ஒன்றிடம் கொடுத்து மறுபடி மாற்றுவோரும் உண்டு. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கம் போகும். முந்தைய சுருக்கத்தில் உண்டான கட்டம் கட்டமான கறைகளை அடுத்த சுருக்கம் படத்தின் பகுதி என்றே எண்ணி, அவற்றைக் காப்பாற்றுவதற்குத் தன் இடத்தைச் செலவிடும். எனவே எச்டி பதிவை எச்டி டைம்லைனிலேயே (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்திலேயே) கடைசிவரை வைத்து எடிட் செய்ய வேண்டும். நிறத் திருத்தம், தலைப்பு எழுத்து, படங்கள் ஒட்டுவது எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு முறை அளவைக் குறைத்து நேரடியாக டிவிடிக்கு உரிய எம்பெக்-2 ஆக வெளியே எடுக்க வேண்டும். இடையில் கோப்பு ஒன்று அவசியமானால் கேனோபஸ் எச்கியூ, டிஎன்எக்ஸ்எச்டி, லாகரித் போன்ற, இழப்பு மிகக் குறைந்த அல்லது இழப்பே இல்லாத வகையில் எடுக்கலாம். வன்தட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். மெனு அமைக்கும் மென்பொருள் நாம் கொடுத்த எம்பெக்-2 கோப்பை மீண்டும் சுருக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடோபி என்கோர் போன்றவற்றில் கோப்பின் பெயருக்கு எதிரே அது மறுபடி மாற்றப்படுமா இல்லையா என்று தெளிவாகவே காட்டும்.

அடுத்ததுதான் என் அனுபவத்தில் மிகுதியான டிவிடிகளைக் கெடுப்பது. நம் ஊர்களில் இதுவரை பதிவான எச்டி காட்சிகளில் பல இன்டர்லேஸ் முறையில் பதிவானவை. அதாவது நொடிக்கு 25 முழுப் படங்கள் என்பதற்குப் பதிலாக, நொடிக்கு 50 அரைப் படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள் மட்டும், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள் மட்டும். இந்த அரைப் படத்தைத்தான் ஃபீல்டு என்கிறோம். பக்கத்துப் பக்கத்து இரண்டு வரிகள் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல, ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இப்போது 1080 வரிகளை 576 வரிகளாகக் குறைக்கும்போது மென்பொருள் இந்த உண்மையை அறியாமல், சட்டகத்தை ஒரே புகைப்படம் என்று கருதிக் குறைத்தால், இருவேறு கணங்களைச் சேர்ந்த வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அசையாமல் இருக்கும் மேடையும் குத்துவிளக்கும் தெளிவாகவே இருக்கும்; நாட்டியம் ஆடும் பெண்ணின் கைகள் மட்டும் இரண்டிரண்டாகத் தெரியும். அலாரிப்பில் கழுத்தும் கண்ணும் அசையும் நுட்பத்தையும், ஜதிக்கு ஏற்ப விரல்கள் மாறும் முத்திரையையும் காண்பதற்காகத்தானே அந்தப் பதிவே எடுக்கப்பட்டது? அது போய்விட்ட பிறகு பின்னணித் திரைச்சீலை எவ்வளவு தெளிவாக இருந்து என்ன?

இதற்கான முறை சிக்கலானதல்ல. முதலில் 50 அரைப் படங்களையும் 50 முழுப் படங்களாக விரிக்க வேண்டும்; அந்த முழுப் படங்களை 576 வரிகளுக்குக் குறைக்க வேண்டும்; பிறகு ஒன்றிலிருந்து ஒற்றை வரிகளையும் அடுத்ததிலிருந்து இரட்டை வரிகளையும் எடுத்து மறுபடி 50 ஃபீல்டுகளாகப் பின்ன வேண்டும். நல்ல மென்பொருள்கள் இதை உள்ளுக்குள் தாமாகவே செய்கின்றன. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வோர் உச்ச ரெண்டர் தரம் என்ற கட்டத்தை டிக் செய்யத் தவறினால் அளவு குறைக்கும் வேலை மட்டமான வழியில் நடந்துவிடக்கூடும். செலவில்லாத வழி வேண்டுவோர்க்கு அவிசிந்த் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதிப் பழக ஒரு வாரம் பிடிக்கலாம், ஆனால் பழகியவர்கள் பிறகு அதை விடுவதில்லை. அவசரத்தில் சிலர் ஒரு ஃபீல்டை வீசிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இரட்டைத் தோற்றம் மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் நொடிக்கு 50 அசைவுகள் 25 ஆகிவிடுவதால் சுழலும் ஆட்டமும் ஊர்வலத்தில் நகரும் தேரும் தத்தித் தத்திப் போகும். அந்தக் குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபீல்டுகளின் வரிசையும் இதோடு சேர்ந்த விஷயம். எச்டி பதிவில் மேல் ஃபீல்டு, அதாவது படத்தின் உச்சி வரியில் தொடங்கும் அரைப் படம், முதலில் வரும். பழைய மினி டிவி (Mini DV) பதிவில் அதற்கு அடுத்த வரியில் தொடங்கும் கீழ் ஃபீல்டு முதலில் வரும். டிவிடி இரண்டையும் ஏற்கும், ஆனால் எது முதலில் என்று கோப்பில் எழுதப்பட்டிருப்பதும் உள்ளே உண்மையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ப்ராஜெக்டின் அமைப்பையே எச்டி பதிவுக்கும் பயன்படுத்தினால் வரிசை மாறி, அசையும் பொருள் எல்லாம் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நடுங்கும். இதைக் கணினித் திரையில் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் கணினியின் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு ஃபீல்டுகளையும் சேர்த்தோ கலந்தோ காட்டிவிடும். ஒரு நிமிடக் காட்சியை, அதிலும் வேகமாகக் குறுக்கே நகரும் காட்சியை, வட்டில் எழுதி, சாதாரண டிவிடி பிளேயரில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். முழு வட்டும் எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாத ஸ்டூடியோ வாடிக்கையாளரின் வீட்டைத் தன் சோதனைக் கூடமாக ஆக்குகிறது என்றே சொல்வேன்.

கேமராவில் வாய்ப்பு இருந்தால் தொடக்கத்திலேயே நொடிக்கு 50 முழுப் படங்களாகப் பதிவு செய்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. 2011-இல் ஏவிசிஎச்டி முறை விரிவாக்கப்பட்டபோது நொடிக்கு 28 மெகாபிட் வரையிலான வேகத்தில் இப்படிப் பதிவு செய்ய இடம் உண்டாயிற்று. அதன் பிறகு வந்த பல கேமராக்களில் இந்த வசதி இருக்கிறது. அந்தப் பதிவிலிருந்து டிவிடிக்கான ஃபீல்டுகளை உண்டாக்கும்போது ஊகத்துக்கே வேலையில்லை.

இனி பிட்ரேட். ஸ்டூடியோவுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உண்மையான பேச்சு நடக்க வேண்டிய இடம் இதுதான். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி இடம் இருக்கிறது. பிட் கணக்கில் 37,600 மெகாபிட். இதை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்தால் ஒரு நொடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது தெரியும். ஒரு மணி நேரம் என்றால் 10.4 மெகாபிட் வருகிறது. டிவிடி இலக்கணப்படி படத்துக்கு உச்சவரம்பே 9.8 மெகாபிட்தான் என்பதாலும், நாமே எழுதும் வட்டுகளைப் பழைய பிளேயர்கள் உச்ச வேகத்தில் படிக்கத் திணறும் என்பதாலும் 8 மெகாபிட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த அளவில் படம் மிக அருமையாக இருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் 5.2 மெகாபிட். ஒலிக்கும் மெனுவுக்கும் போக ஏறத்தாழ 4.8 மிஞ்சும், கவனமாகச் செய்தால் நல்ல தரம்தான். மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்தால் 3.5-க்கும் கீழே போகிறது. நான்கு மணி நேரம் என்றால் 2.6 தான். முகூர்த்தம், வரவேற்பு, நலங்கு, ஊஞ்சல் என்று எல்லாவற்றையும் ஒரே வட்டில் கேட்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். இன்னொரு வட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் ஒரே வட்டில் வேண்டும் என்ற பிடிவாதத்தால் இழக்கும் தெளிவு மிகப் பெரியது.

இரட்டை அடுக்கு வட்டில் 8.5 ஜிபி கிடைக்குமே என்று கேட்கலாம். வீட்டில் எழுதும் அத்தகைய வட்டுகளைச் சில பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் நின்று நின்று படிக்கின்றன, சில படிப்பதே இல்லை. இரண்டு தனி வட்டுகளே நம்பகமானவை என்பது என் கருத்து.

கிடைக்கும் இடத்தை எல்லா நொடிகளுக்கும் சமமாகப் பங்கிடவும் கூடாது. மணமக்கள் மணையில் அமர்ந்திருக்கும் காட்சிக்கும், கெட்டிமேளம் ஒலிக்க அட்சதை நாலா பக்கமிருந்தும் பறந்து விழும் காட்சிக்கும் ஒரே அளவு பிட் போதாது. எம்பெக்-2 முறை, அடுத்த படம் முந்தைய படத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதிச் சிக்கனம் செய்கிறது. ஆயிரம் அரிசி மணிகள் ஆயிரம் திசையில் பறக்கும்போது சிக்கனத்துக்கு வழியே இல்லை. புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் வெளிச்சம் அதைவிட மோசம். ஒவ்வொரு முறை அது மின்னும்போதும் முழுப் படமும் மாறிவிட்டதாகச் சுருக்கும் மென்பொருள் எண்ணிக்கொள்ளும். இந்த நேரங்களில்தான் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. தாலி கட்டும் கணத்திலேயே படம் உடைவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. இதற்கு மருந்து, மாறும் பிட்ரேட்டில் இரண்டு சுற்றாகச் சுருக்குவது. முதல் சுற்றில் மென்பொருள் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து எங்கெங்கே சிரமம் என்று குறித்துக்கொள்ளும்; இரண்டாம் சுற்றில் எளிய இடங்களில் மிச்சம் பிடித்து, கடினமான இடங்களில் தாராளமாகச் செலவிடும். நேரம் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். முகூர்த்த மாதங்களில் வேலை குவிந்து கிடக்கும்போது இந்த இரண்டாம் சுற்றுத்தான் முதலில் கைவிடப்படுகிறது என்பதைத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள்.

மண்டபங்களில் வெளிச்சம் குறைந்த மூலைகளில் எடுத்த காட்சிகளில் கேமராவின் கெயின் (வெளிச்சத்தை மின்முறையில் கூட்டிக் காட்டும் அளவு) கூடி இரைச்சல் மிகுந்திருக்கும். அந்த இரைச்சலும் படத்துக்குப் படம் மாறுவதால் பிட்டுகளைத் தின்றுவிடும். சுருக்குவதற்கு முன் மிதமாக இரைச்சலைக் குறைப்பது, பிட்ரேட்டைக் கூட்டுவதற்குச் சமமான பலனைத் தரும். மிதமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மிகுந்தால் முகங்கள் மெழுகு பூசியவை போல் ஆகிவிடும்.

ஒலியில் இடத்தை வீணாக்குவதும் நடக்கிறது. சுருக்காத பிசிஎம் ஒலி நொடிக்கு 1.536 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி, வட்டில் கால் பங்குக்கும் மேல். அதையே 256 கிலோபிட் டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலியாக வைத்தால் 230 எம்பி போதும். கச்சேரிப் பதிவுகளுக்கு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றுக்கு, பிசிஎம் வைப்பதை நானே விரும்புவேன். நாகசுரத்தின் கம்பீரத்தை எவ்வளவுக்கு முழுமையாகக் காக்க முடியுமோ அவ்வளவுக்கு நல்லது. நீண்ட திருமண வட்டுக்கு அது தேவையில்லை.

படத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு பழைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும். 2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் உட்பட, நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்தவை 4:3 வடிவிலான குழாய்த் தொலைக்காட்சிகள். அகலமான எச்டி படத்தை அவற்றில் காட்ட, மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்த்து 4:3 டிவிடியாகத் தயாரிக்கும் பழக்கம் அப்போது உண்டாயிற்று. அப்படிச் செய்தால் 576 வரிகளில் படத்துக்குக் கிடைப்பவை 432 மட்டுமே. மீதி 144 வரிகள் வெறும் கறுப்பு. இன்று அகலத் தொலைக்காட்சியே எங்கும் இருக்கும்போதும் சில ஸ்டூடியோக்கள் அதே அமைப்பில் டிவிடி எழுதுகின்றன. பார்ப்பவர் ரிமோட்டில் ஜூம் செய்து, ஏற்கெனவே நான்கில் ஒரு பங்கு இழந்த படத்தை மேலும் பெரிதாக்கிப் பார்க்கிறார். டிவிடி இலக்கணத்திலேயே 16:9 என்ற குறிப்பு இருக்கிறது. அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி 720×576 முழுவதிலும் நிரப்பி, இது அகலப் படம் என்று குறிப்பிட்டுவிட்டால் பிளேயரும் தொலைக்காட்சியும் சரியான வடிவில் விரித்துக் காட்டும். 576 வரிகளும் படத்துக்கே பயன்படும். பழைய 4:3 தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்குக் கறுப்புப் பட்டையைப் பிளேயரே சேர்த்துக்கொள்ளும். எனவே இன்று பட்டை போட்டு டிவிடி எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. எச்டி படத்தின் நிறங்களைக் கணக்கிடும் சூத்திரம் வேறு, பழைய அளவுக்கான சூத்திரம் வேறு. தொழிலில் 709 என்றும் 601 என்றும் சொல்வார்கள். அளவைக் குறைக்கும்போது இதையும் மாற்றாவிட்டால் சிவப்பும் பச்சையும் தம் சாயலிலிருந்து சற்று விலகும். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன; தனித்தனி இலவசக் கருவிகளைக் கோத்து வேலை செய்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அரக்குப் பட்டும் மாம்பழ நிறப் பட்டும் வட்டில் வேறு நிறமாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பட்டு என்றதும் ஜரிகையும் நினைவுக்கு வருகிறது. நெருக்கமான ஜரிகைக் கோடுகள், கோபுரத்தின் அடுக்கடுக்கான சுதைச் சிற்பங்கள், கூரை ஓடுகள் ஆகியவை எச்டியில் அழகாகப் பதிவாகும். ஆனால் 576 வரிகளுக்குள் அடங்காத நுணுக்கம் அது. அடங்காததை வடிகட்டாமல் குறைத்தால், இல்லாத கோலங்கள் ஜரிகை மேல் ஊர்ந்து செல்லும், கோபுரம் கேமரா நகரும்போது மினுமினுக்கும். நல்ல குறைப்பு முறைகள், பைக்யூபிக், லான்சோஸ் போன்றவை முறையாகச் செயல்படுத்தப்படும்போது, இந்த வடிகட்டலையும் சேர்த்தே செய்கின்றன. இன்டர்லேஸ் டிவிடிக்கு மேலும் கீழுமாக மிகச் சிறிய மென்மையாக்கம் ஒன்றும் சேர்த்தால் மெல்லிய படுக்கைக் கோடுகள் துடிப்பது நிற்கும். இதற்கு நேர் எதிராக, குறைத்த படம் மங்கலாக இருக்குமோ என்ற அச்சத்தில் ஷார்ப்னெஸை ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவதும், எம்பெக்-2 திணறி மேலும் கறைகளை உண்டாக்குவதும்தான் அதனால் வரும் பலன். தலைப்பு எழுத்துகளுக்கும் இதே கவனம் வேண்டும்: எச்டி டைம்லைனில் மெல்லிய கோடுகளோடு அழகாகத் தெரியும் எழுத்துரு, டிவிடியில் சுழியும் புள்ளியும் அறுந்துபோய்ப் படிக்க இயலாதபடி துடிக்கும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி என்பதால் கனமான எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆல்பம் படங்களை நகர்த்திக் காட்டும் பகுதியில், கேமராவிலிருந்து வந்த பெரிய கோப்புகளை அப்படியே போடாமல் அளவைக் குறைத்துப் போட வேண்டும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினர்களுக்கு வட்டு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அங்கே டிவிடிகளில் வழங்குவது என்டிஎஸ்சி முறை. 720×480, நொடிக்கு 29.97 படங்கள். நம் ஊர் பிளேயர்கள் பொதுவாக இரண்டு முறையையும் படிக்கும், அங்கே விற்கும் பிளேயர்களில் பல பால் வட்டைப் படிப்பதில்லை. அவர்களுக்காகத் தனி வட்டு தயாரிக்க வேண்டுமென்றால், முடிந்துபோன பால் டிவிடியை மாற்றாமல், எச்டி டைம்லைனிலிருந்தே தனியாக எடுக்க வேண்டும். மாறாக அங்கிருந்து வந்தவர் தம் கேமராவில் எடுத்த நொடிக்கு 30 படப் பதிவை நம்முடைய 25 படத் தொகுப்பில் சேர்த்தால் அசைவு இடறும். அது பெரும்பகுதியாக இருந்தால், முழு வட்டையுமே என்டிஎஸ்சி ஆகத் தயாரித்துவிடுவது மேல். கைப்பேசிப் பதிவுகளில் நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கே நிலையாக இருப்பதில்லை. அவற்றை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாமல் சேர்த்தால் போகப் போக உதடும் ஒலியும் பிரியும்.

இவ்வளவும் ஸ்டூடியோவின் பொறுப்பு. வீட்டில் செய்ய வேண்டியதும் இரண்டு உண்டு. டிவிடி பிளேயரின் செட்டப் பகுதியில் தொலைக்காட்சியின் வடிவம் 16:9 என்று அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் தொலைக்காட்சி மாறிய பிறகும் பிளேயர் பழைய 4:3 அமைப்பிலேயே கிடக்கிறது, அதனால் நல்ல வட்டும் 432 வரிகளாகச் சுருங்கித்தான் வெளியே வருகிறது. அடுத்து, பிளேயரைத் தொலைக்காட்சியோடு இணைப்பது மஞ்சள் முனை கொண்ட கம்பியாக இருந்தால், நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் நுணுக்கம் குறையும். பிளேயரில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதன் வழியாக இணைத்தாலே படம் தெளிந்துவிடுவதைக் கண்கூடாகக் காணலாம். ஸ்டூடியோவைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்குமாறு அந்தக் கடிதத்தை எழுதிய வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பென்டிரைவ் இருக்கும்போது டிவிடி எதற்கு என்று தங்கள் வாசகர்களில் இளையோர் கேட்கலாம். வட்டைப் போட்டால் தானாக ஓட வேண்டும், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாங்கல்யதாரணம் வர வேண்டும் என்று விரும்பும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கும்வரை அதற்குத் தேவை உண்டு. ஆனால் எழுதப்படும் வட்டின் சாயப் பூச்சு காலப்போக்கில் வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் கெடும். ஆகவே டிவிடியை மட்டுமே வாங்கிக்கொண்டு திரும்புவது பெரிய இழப்பு. தொகுத்து முடித்த எச்டி கோப்பு, ஐந்தில் நான்கு பங்கைக் கழிக்காத அந்த முழுப் பதிவு, ஸ்டூடியோவின் வன்தட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு அடுத்த வேலைக்கு இடம் வேண்டி அழிக்கப்படுகிறது. அதுதான் குடும்பத்தின் மூலப் பதிவு. டிவிடி அதன் ஒரு படி மட்டுமே.

எனவே ஸ்டூடியோவுடன் தொகை பேசும்போதே சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எச்டி டைம்லைனிலிருந்து நேரடியாக டிவிடி எடுப்பார்களா, ஒரு வட்டில் எத்தனை நிமிடங்களுக்கு மேல் போகாது, 16:9 முழு அளவில் தருவார்களா, இரண்டு சுற்றில் சுருக்குவார்களா, தொகுத்து முடித்த எச்டி கோப்பை நாம் கொடுக்கும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தருவார்களா என்பவை அவை. முறையாக வேலை செய்பவர்கள் இந்தக் கேள்விகளால் மகிழ்ச்சியே அடைவார்கள். இரண்டாம் சுற்றுக்கு ஆகும் நேரத்துக்கும் கூடுதல் வட்டுக்கும் அவர்கள் நியாயமாகக் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
படத்தொகுப்பாளர், கும்பகோணம்